வருகையின் நோக்கம்: பேத்தி

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் சம்பந்தி அம்மாளும் நல்ல ஆரோக்கியத்துடன் இருப்பீர்கள் என்றும், தங்கள் கிளினிக்கில் பற்கள் வழக்கம்போல் விழுந்துகொண்டிருக்கும் என்றும் நம்புகிறேன். நாங்கள் இருவரும் ஒன்பது நாட்களுக்கு முன் இங்கே சுகமாக வந்து சேர்ந்தோம். சுகம் என்பது உடம்பைப் பொறுத்தவரை. மனதளவில் நான் இன்னும் விமான நிலைய வரிசையில்தான் நின்றுகொண்டிருக்கிறேன். பிள்ளையும் தங்கள் மகளும் நலம். பேத்தி மிக நலம். அவள் குரல் வளம் பற்றிப் பின்னால் எழுதுகிறேன்.

வந்து சேர்ந்ததும் விவரமாக எழுதுங்கள் என்று தாங்கள் கேட்டிருந்தீர்கள். கேட்டபோது தங்கள் முகத்தில் ஒரு சிறு சிரிப்பு இருந்ததை நான் கவனிக்காமல் இல்லை. "விசாவுக்கு ஒரு நல்ல டிராவல்ஸ்காரர் இருக்கார் சம்பந்தி, அவர்கிட்டக் குடுத்துட்டா நாலு நாள்ல முடிஞ்சிரும்" என்று தாங்கள் சொன்னதும், "பத்திரப் பதிவு ஆபீஸ்ல முப்பத்து மூணு வருஷம் மத்தவங்க விண்ணப்பத்தைத் திருத்தினவன் நான், என் விண்ணப்பத்தை நிரப்ப எனக்கு ஆளா?" என்று நான் கேட்டதும் தங்களுக்கு நினைவிருக்கும். பேத்தியை முதலில் யார் பார்ப்பது என்று இரு குடும்பத்துக்கும் இடையே வெளியில் சொல்லாத ஒரு போட்டி இருந்ததும் தங்களுக்குத் தெரியும். போட்டியில் நான் ஜெயித்துவிட்டேன். எப்படி ஜெயித்தேன் என்பதை உள்ளது உள்ளபடி எழுதுகிறேன். தயவுசெய்து சம்பந்தி அம்மாளுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம்.

முதலில் விண்ணப்பம். எல்லாம் ஆன்லைனில்தான் என்றார்கள். நான் முறைப்படி கேள்விகளை எல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அதற்கு வரைவுப் பதில் தயாரித்து, அடித்தல் திருத்தல் இல்லாமல் செம்மைப் பிரதியும் எடுத்துக்கொண்டு, எங்கள் தெருமுனை ஜெராக்ஸ் கடைக்குப் போய்க் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். நான்கு எழுத்தைத் தட்டிவிட்டு, சரியாக இருக்கிறதா என்று மூக்குக் கண்ணாடியை மாற்றிப் போட்டுப் பார்த்து, தலையை நிமிர்த்தினால் "உங்கள் நேரம் முடிந்துவிட்டது" என்று திரையில் வருகிறது. எனக்கு என்னமோ போல் ஆகிவிட்டது. இந்த வயதில் ஒரு மனிதனிடம் சொல்கிற வாக்கியமா அது? கடைக்கார அம்மா எட்டிப் பார்த்து, "சார், நீங்க யோசிக்கற வேகத்துக்கு அது காத்துக்கிட்டு இருக்காது. மறுபடி முதல்லேருந்து போடுங்க" என்றார். மறுபடி முதலிலிருந்து போட்டேன். அப்படி ஏழு முதல்கள். நடுவில் நான் எந்திரம் இல்லை என்று உறுதிமொழி தரச் சொன்னார்கள். எத்தனையோ உறுதிமொழிப் பத்திரம் பார்த்தவன் நான், ஆனால் மனிதன்தான் என்று ஒருவனிடம் எழுதி வாங்கியதே இல்லை. அதற்குச் சான்றாகச் சாலை விளக்கு இருக்கிற கட்டங்களை எல்லாம் தொடு என்றார்கள். விளக்கைத் தாங்கி நிற்கிற கம்பம் விளக்கில் சேர்த்தியா இல்லையா? இதற்கு விதி எங்கே? கம்பத்தைச் சேர்த்தேன், தவறு என்றது. கம்பத்தை விட்டேன், அதுவும் தவறு என்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரி கையை நீட்டி நாலு கட்டத்தைத் தொட்டாள், திறந்துகொண்டது. "எந்த விதிப்படி தொட்டே?" என்றேன். "விளக்கு இருந்துச்சு, தொட்டேன்" என்றாள். இப்படிப் பொறுப்பில்லாமல் நடந்துகொள்பவர்களைத்தான் கம்ப்யூட்டர் மனிதர்கள் என்று ஒப்புக்கொள்கிறது.

அடுத்தது பெயர். எனக்கு இருப்பது ஒரே ஒரு பெயர், முன்னால் ஓர் எழுத்து. அது அவர்களுக்குப் போதாது. குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம், பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். அதைக் காலியாக விட்டால் அடுத்த பக்கம் போகாது. என் குடும்பத்துக்கு என்ன பெயர் இருக்கிறது? "சிடுமூஞ்சிக் குடும்பம்னு தெருவுல சொல்வாங்க, போடுங்க" என்றாள் வீட்டுக்காரி. கடைசியில் காலஞ்சென்ற என் தகப்பனார் பெயரை அந்தக் கட்டத்தில் போட்டேன். அவர் உயிரோடு இருந்த காலத்தில் பக்கத்து ஊரைத் தாண்டியதில்லை. அவருக்கு விசா கிடைத்தால் கிடைத்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். இதன் விளைவைப் பின்னால் பார்ப்பீர்கள்.

புகைப்படம் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. வெள்ளைப் பின்னணி, சிரிக்கக் கூடாது, கண்ணாடி கூடாது, இரண்டு காதும் தெரிய வேண்டும். சிரிக்காமல் இருப்பதில் எனக்குச் சிரமமே இல்லை. காதுதான் தகராறு. இடது காது தெரிந்தால் வலது காது ஒளிந்துகொண்டது. ஸ்டூடியோக்காரர் என் காதை மடக்கி, நிமிர்த்தி, ஒரு கட்டத்தில் பின்னால் நின்று இரண்டு விரலால் பிடித்துக்கொண்டார். அந்தப் படத்தை ஏற்றியதும், "முகம் கண்டறியப்படவில்லை" என்று பதில் வந்தது. ஐந்து படம், ஐந்து முறையும் இதே பதில். வீட்டுக்காரி படம் முதல் தடவையே பச்சை டிக். "அதுக்கு முகம் பாக்கத் தெரியுது" என்றாள். ஆறாவது படத்தில் என் முகம் இருப்பதாக ஒருவழியாக ஒப்புக்கொண்டார்கள்.

இனிதான் சம்பந்தி முக்கியமான கட்டம். வருகையின் நோக்கம். "பேத்தியைப் பார்க்க" என்று செம்மைப் பிரதியில் அழகாக எழுதி வைத்திருந்தேன். ஆனால் அங்கே எழுதவே இடமில்லை. அவர்கள் கொடுக்கிற பட்டியலில் ஒன்றைத்தான் பொறுக்கிக்கொள்ள வேண்டும். வணிகம், மருத்துவம், மாநாடு, வேறு நாட்டுக்குப் போகும் வழியில் தங்கல், சுற்றுலா. பட்டியலை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தேன், பேத்தி இல்லை. சுற்றுலாவைத் தவிர வழியில்லை என்று ஆனது. சரி, சுற்றுலாப் பயணி என்று எழுதிக் கொடுத்துவிட்டால் சுற்றுலாப் பயணியாகவே நடந்துகொள்ள வேண்டும் அல்லவா? பதிவேட்டில் ஒன்று, நடப்பில் ஒன்று என்று இருப்பது என் சுபாவம் இல்லை. மூன்று அருங்காட்சியகம், ஒரு பழைய பாலம், மீன் காட்சிசாலை, ஒரு நீர்வீழ்ச்சி, அதன் உயரம், அகலம் எல்லாம் சேகரித்து, நாள்வாரியாகப் பதினோரு பக்கத்துக்குப் பயணத் திட்டம் தயாரித்து, ஒவ்வொரு பக்கத்தையும் லேமினேஷன் செய்தேன். வீட்டுக்காரி அதைப் பார்த்துவிட்டு, "இதுல குழந்தை எந்தப் பக்கத்துல வருது?" என்று கேட்டாள். "குழந்தை அட்டவணையில இல்லை. அங்கே எவன் கேட்டாலும் நாம சுற்றுலாப் பயணிங்க. குழந்தைப் பேச்சையே எடுக்காதே" என்று விமானத்தில் மூன்று முறை பாடம் சொல்லி அழைத்துப் போனேன்.

இறங்கினோம். ஒரு பெரிய கூடத்தில் நாடாவைக் கட்டி வரிசையை மடித்து மடித்து விட்டிருந்தார்கள். அரை மணி நேரம் நடந்த பிறகு புறப்பட்ட இடத்துக்கு மூன்றடி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தோம். ஒருவழியாக எங்கள் முறை வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஓர் அதிகாரி. என் பிள்ளையைவிட வயது குறைவு. விரலை வை என்று ஒரு பச்சை விளக்கைக் காட்டினார். வைத்தேன். பதியவில்லை. துடைத்துவிட்டு வை என்றார். பதியவில்லை. எத்தனை ஆயிரம் பேர் கட்டைவிரலை நானே பிடித்து மையில் உருட்டிப் பதிய வைத்திருக்கிறேன், சரியாக விழவில்லை என்றால் என்ன அதட்டு அதட்டியிருக்கிறேன்! என் பத்து விரலில் ஏழுக்கு ரேகையே இல்லை என்கிறது அந்த எந்திரம். அதிகாரி ஈரத் தாள் ஒன்றை நீட்டிவிட்டு, விசாவில் இருந்த குடும்பப் பெயரைப் பார்த்து என் தகப்பனாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

சம்பந்தி, சத்தியமாக நான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை. மறுபடியும் கூப்பிட்டார். அவர் என் தகப்பனார், காலமாகிவிட்டார் என்பதை நம் ஆபீஸ் ஆங்கிலத்தில் பணிவாகச் சொன்னேன்: "ஹி எக்ஸ்பயர்டு, சார்." நம் ஊரில் எத்தனை வாரிசுச் சான்றிதழில் எழுதிய சொல்! அவர் முகம் மாறிவிட்டது. பாஸ்போர்ட்டை எடுத்துத் தேதியைப் பார்த்தார். விசாவைப் பார்த்தார். எது எக்ஸ்பயர்டு என்று கேட்டார். "என் ஃபாதர்" என்றேன். எப்போது என்றார். "இருபத்திரண்டு வருஷம் முன்னாடி" என்றேன். அப்படியானால் அவர் பெயரில் பயணம் செய்வது யார் என்றார். "நான்தான்" என்றேன். எழுதும்போது எனக்கே புரிகிறது, அது எப்படிக் கேட்டிருக்கும் என்று. அப்போது புரியவில்லை.

அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, எதற்கு வந்தீர்கள் என்றார். "சுற்றுலா" என்று சொல்லிப் பதினோரு பக்கத்தையும் கண்ணாடிக்கு அடியில் தள்ளினேன். நீர்வீழ்ச்சியின் உயரத்தை அவர் கேட்பதற்கு முன்பே சொன்னேன். எத்தனை நாள் தங்கல் என்றார், ஆறு மாதம் என்றேன். ஆறு மாதம் முழுவதும் அருங்காட்சியகமா என்றார். அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரி, அதுவரை தமிழில் இருந்தவள், எங்கிருந்தோ ஒரு ஆங்கிலச் சொல்லைப் பிடித்து, "பேபி" என்றாள். "நோ பேபி!" என்றேன் நான். "பேபி" என்றாள் அவள், இன்னும் கொஞ்சம் சத்தமாக. அதிகாரி ஒரு பொத்தானை அழுத்தினார்.

எங்களை ஒரு பக்கத்து அறைக்கு அழைத்துப் போனார்கள். ஜன்னல் இல்லை. ஒரு மேசை, தரையோடு பிணைத்த நாற்காலிகள், சுவரில் ஒரு கடிகாரம். உட்காருங்கள், கூப்பிடுவோம் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஒருவர் வந்து எதையோ எடுத்துக்கொண்டு போனார், எங்களைப் பார்க்கவில்லை. இன்னொருவர் வந்தார், அவரும் பார்க்கவில்லை. பதிவு ஆபீஸில் என் அறைக்கு வெளியே இப்படி ஒரு பெஞ்சு இருந்தது. முப்பத்து மூன்று வருடத்தில் அதில் ஒரு தடவையாவது உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. "திருப்பி அனுப்பிருவாங்களா?" என்று வீட்டுக்காரி கேட்டாள். "அதெல்லாம் மாட்டாங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. பிள்ளை குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து நிற்பதாகச் சொல்லியிருந்தான். ஒரு சுவர்தான் நடுவில். அந்தச் சுவரைப் பார்த்தபடி நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தோம். தங்கள் பேச்சைக் கேட்டு டிராவல்ஸ்காரரிடம் கொடுத்திருக்கலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். ஒரு கணம்தான்.

பிறகு அந்த அதிகாரியே எங்கள் காகிதங்களோடு வந்தார். மேசைத் தொலைபேசியை அமுக்கி ஒலிபெருக்கியில் போட்டார். உள்ளிருந்து ஒரு பெண் குரல் நல்ல தமிழில் பேசியது: "வணக்கம் ஐயா. நான் மொழிபெயர்ப்பாளர். ரெண்டு பக்கமும் சொல்றதை அப்படியே சொல்வேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்." எனக்கு உயிர் வந்தது. "அப்பாடா, நீங்க எந்த ஊரும்மா?" என்றேன். அதையும் அவர் மொழிபெயர்த்துவிட்டார். அதிகாரி ஆச்சரியப்பட்டு, தன் ஊர்ப் பெயரைச் சொல்லி, அது ரயிலில் நாலு மணி நேரம் என்றார். "நான் அவரைக் கேட்கலை, உங்களைக் கேட்டேன்" என்றேன். அதுவும் போனது. அதிகாரி முகம் கொஞ்சம் வாடியது. நான் வீட்டுக்காரி பக்கம் சாய்ந்து, மிக மெதுவாக, "நீ வாயைத் தொறக்காதே, நான் சமாளிச்சுக்கிறேன்" என்றேன். நவீன ஒலிபெருக்கி, சம்பந்தி. பெருமூச்சு கூட விடக் கூடாது. அதைக் கேட்டதும் அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். மொழிபெயர்ப்பாளர் சொன்னார்: "ஐயா, இனிமே அந்த அம்மா மட்டும் பேசட்டும்னு சொல்றாங்க. நீங்க பேச வேண்டாமாம்."

அதிகாரி வீட்டுக்காரியின் விண்ணப்பத்தை எடுத்தார். முதல் கேள்வி: "அம்மா, நீங்க குதிரைகளைப் பழக்கற தொழில் செய்யறீங்க. இங்கேயும் வந்து அந்த வேலை பாக்கறதா உத்தேசமான்னு கேக்கறாங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் காட்டிய இடத்தில் அப்படியேதான் அச்சாகியிருந்தது. நடந்தது என்ன என்று இப்போது பிள்ளை விளக்கிவிட்டான். தொழில் பட்டியல் அவர்கள் மொழி எழுத்து வரிசையில் இருக்கிறது. இல்லத்தரசிக்கு நேர் மேலே குதிரைப் பயிற்சியாளர். நான் இல்லத்தரசியைச் சரியாகத்தான் தேர்ந்தெடுத்தேன். அதன் பிறகு பக்கத்தைக் கீழே இறக்க மௌஸின் சக்கரத்தை உருட்டியபோது பக்கம் நகரவில்லை, என் மனைவி நகர்ந்துவிட்டாள்.

அவளோ பதறவில்லை. "குதிரையா?" என்றாள். திரும்பி என்னை மேலிருந்து கீழ்வரை ஒரு முறை பார்த்தாள். பிறகு தொலைபேசியைப் பார்த்துச் சொன்னாள்: "முப்பத்தெட்டு வருஷமா ஒண்ணைக் கட்டி மேய்ச்சுக்கிட்டிருக்கேன். இன்னும் பழகலை. புதுசா ஒண்ணு எடுக்கற தெம்பு எனக்கு இல்லைன்னு சொல்லும்மா."

தொலைபேசியில் ஓர் இருமல் கேட்டது. பிறகு கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்ப்பு வந்தது. அதிகாரிக்குத் திடீரென்று கீழ் இழுப்பறையில் ஏதோ தேட வேண்டியிருந்தது. வெகு நேரம் குனிந்தே இருந்தார். நிமிர்ந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டார். சரி அம்மா, நிஜமாக எதற்கு வந்தீர்கள் என்று கேட்டார்.

"பேத்தி பொறந்து அஞ்சு மாசம் ஆச்சு. என் பிள்ளை போன்ல காட்டும்போதெல்லாம் கிட்டக் கொண்டுபோய்க் காட்டுவான். ஒருநாள் மூக்கு தெரியும், ஒருநாள் ஒரு கண்ணு தெரியும். எல்லாத்தையும் நான்தான் மனசுல ஒட்டி வெச்சிருக்கேன். முழுசா ஒரு தடவை பாக்கணும். அவ்வளவுதான்" என்றாள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மொழிபெயர்ப்பாளரும் இந்தத் தடவை மெதுவாகத்தான் சொன்னார்.

அதிகாரி முத்திரையை எடுத்து இரண்டு பாஸ்போர்ட்டிலும் குத்தினார். பிறகு என் பக்கம் திரும்பி, விண்ணப்பத்தில் சுற்றுலா என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வட்டம் இருந்ததே, அதைத் தொட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். தொட்டிருந்தால் 'உறவினரைப் பார்க்க வருவதும் இதில் அடங்கும்' என்று வந்திருக்குமாம். பதினோரு பக்கத்தையும் அழகாக அடுக்கித் திருப்பிக் கொடுத்தார். நீர்வீழ்ச்சியில் இந்த மாதம் தண்ணீர் இருக்காது என்றும் சொன்னார். எங்களை உள்ளே விட்டதற்கு என் ஆவணங்களின் ஒழுங்குதான் அடிப்படைக் காரணம் என்பது என் கருத்து. வீட்டில் வேறு யாருக்கும் இந்தக் கருத்து இல்லை.

வெளியே பிள்ளை முகம் வெளுத்து நின்றிருந்தான். வீட்டுக்காரி பெட்டியை அப்படியே போட்டுவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டாள். தலை, காது, கால் விரல் என்று ஒன்று விடாமல் சரிபார்த்தாள். நான் கூட ஒரு பத்திரத்தை அப்படிப் பார்த்ததில்லை. பிறகு என்னிடம் கொடுத்தாள். குழந்தை என்னைப் பார்த்தது. நானும் பார்த்தேன். உடனே கூடம் முழுக்கத் திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு அலறல். அன்று முதல் இன்றுவரை ஒன்பது நாளும் அதே கதைதான். யாரிடமும் சிரிக்கும், என்னைக் கண்டால் மட்டும் வீறிடும். புகைப்படத்தில் முகம் கண்டறியப்படவில்லை என்றார்கள். இவள் கண்டறிந்துவிட்டாள் போலிருக்கிறது.

ஆகவே சம்பந்தி, அனுபவப்பட்டவன் என்ற முறையில் மூன்று விஷயம் சொல்கிறேன். தாங்களாக அந்த ஆன்லைன் பக்கமே போகாதீர்கள், கை வைக்கவும் வேண்டாம். அந்த டிராவல்ஸ்காரரிடமே கொடுங்கள். அதுவும் இப்போது வேண்டாம். நாங்கள் ஆறு மாதம் இருந்துவிட்டுக் கிளம்பிய பிறகு, அடுத்த வருடம், நிதானமாக வாருங்கள். வீடு சிறியது, இரண்டே அறை. குழந்தையைப் பார்த்துக்கொள்ள நாங்கள் இருவர் தாராளம். தங்கள் நோயாளிகளைத் தவிக்க விட்டுவிட்டு இவ்வளவு கஷ்டத்தைத் தாங்கள் ஏன் பட வேண்டும் என்றுதான் சொல்கிறேன், வேறு உள்நோக்கம் இல்லை.

சம்பந்தி அம்மாளுக்கு எங்கள் இருவரின் வணக்கம். வீட்டில் சிறியவர்களுக்கு எங்கள் ஆசிகள். எல்லோரும் பதினாறும் பெற்று, எந்தக் கட்டத்தையும் காலியாக விடாமல் நெடுநாள் வாழ வேண்டும்.

என்றும் தங்கள் அன்புள்ள,
சம்பந்தி

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டிய பிறகு மறுபடி பிரித்து எழுதுகிறேன். இன்று காலை தாங்கள் பேத்தியைப் பார்க்கப் போனில் வந்தீர்கள் அல்லவா? அப்போது குழந்தை என் மடியில் அழுதுகொண்டிருந்தது தங்களுக்குத் தெரியாது. தங்கள் குரல் கேட்டதும் அழுகை நின்றது. பல் டாக்டரைப் பார்த்து ஒரு ஜீவன் சிரித்ததை நான் முதல் தடவையாகப் பார்த்தேன். சிரித்தபடியே என் சுண்டு விரலைப் பிடித்துக்கொண்டாள். தாங்கள் பேசி முடிக்கும் வரை விடவில்லை. போனை வைத்ததும் விட்டுவிட்டாள். தாங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தால் எனக்கும் ஒரு வழி பிறக்கும் என்று தோன்றுகிறது. பகலில் பிள்ளையும் மருமகளும் வேலைக்குப் போய்விடுகிறார்கள், வீட்டுக்காரி குழந்தையோடு இருந்துவிடுகிறாள், எனக்குத் தர்க்கம் பண்ணவும் இங்கே ஆள் இல்லை. மருமகளின் மேசையில் தங்கள் இருவரின் பாஸ்போர்ட் நகலும் படமும் இருந்தன. மதியமே உட்கார்ந்து தங்கள் விண்ணப்பத்தை நானே ஆன்லைனில் நிரப்பி அனுப்பிவிட்டேன். ஒரே மூச்சில் முடிந்தது. அனுமதியும் வந்துவிட்டது. அறை பற்றிக் கவலை வேண்டாம், நான் கூடத்தில் படுத்துக்கொள்வேன். ஒரே ஒரு நிபந்தனை: வரும் வெள்ளிக்கிழமைக்குள் இங்கே வந்து இறங்கிவிட வேண்டுமாம், தேதியை மாற்ற முடியாதாம். போனில் சொல்லியிருக்கலாம்தான், ஆனால் இப்படிப்பட்ட தகவலை எழுத்து மூலம் தெரிவிப்பதே முறை. இந்தக் கடிதம் தங்கள் கைக்குக் கிடைக்கப் பன்னிரண்டு நாள் ஆகும் என்று தபால் ஆபீஸில் சொல்கிறார்கள். ஆகவே கொஞ்சமும் தாமதிக்காமல் உடனே கிளம்பவும்.